ஏகாம்பரம் இன்னும் தரைக்கு வரவில்லை

ஏகாம்பரம் ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தது ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம். இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. இப்போது ஐந்தாவது மாடிக்குப் பக்கத்தில் இருக்கிறான். இதே வேகத்தில் போனால் பொங்கலுக்குள் வந்துவிடுவான் என்று மேஸ்திரி சொல்கிறார். மேஸ்திரி சொல்லும் கணக்கு எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

நான் இந்த சைட்டின் சேஃப்டி சூப்பர்வைசர். யாரும் விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் விழுந்ததை முதலில் பார்த்தவனே நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

பூச்சு வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பகுதி பூசி முடித்ததும் ஓரடி பின்னால் போவார்கள். தலையைச் சாய்த்து, மட்டமாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தரையில் நின்று பூசினால் அது நல்ல பழக்கம். ஏகாம்பரம் சாரத்தில் நின்று பூசினான். சாரப் பலகையில் இரண்டு பாதம் வைக்கத்தான் இடம். பூசினான், கரண்டியைத் துடைத்தான், ஓரடி பின்னால் போனான். சுவர் நன்றாகத்தான் வந்திருந்தது.

அன்று காலையில் அவன் என்னிடம் சேஃப்டி பெல்ட் கேட்டிருந்தான்.

"சார், மேல காத்து ஜாஸ்தியா இருக்குது. அந்த பெல்ட்ட குடுங்க சார்."

"அது பொம்மைக்கு வேணும்ப்பா" என்றேன்.

"அதுவும் சரிதான் சார்" என்றான். எதற்கும் அடம்பிடிக்கிற ஆள் இல்லை ஏகாம்பரம்.

பொம்மை என்றால் திருஷ்டி பொம்மை. பத்தாவது மாடி முகப்பில் தொங்குகிறது. பழைய பேன்ட், பழைய முழுக்கைச் சட்டை, உள்ளே வைக்கோல். தலைக்கு ஒரு மண்பானை. அதில் முறுக்கு மீசை, உருட்டு விழி. வாயிலிருந்து சிவப்புத் துணியில் நாக்கு. ரோட்டில் போகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், கட்டடத்தின் மேல் கண் படாது. போன ஆடிக் காற்றில் அது ஒருமுறை கழன்று விழுந்துவிட்டது. முதலாளி நவநீதன் துடித்துப்போனார். இரண்டு வேளை சாப்பிடவில்லை. சைட்டிலேயே பெல்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் பொம்மையின் இடுப்பில் கட்டி, கொக்கியைக் கம்பியில் மாட்டச் சொன்னார். ஒரு ஹெல்மெட்டும் கவிழ்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு பொம்மை விழவே இல்லை. பெல்ட் எவ்வளவு நல்ல சாமான் என்று எங்கள் எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ஏகாம்பரத்தின் மனைவி காசியம்மா. இதே சைட்டில் சித்தாள். அவன் எந்த மாடிக்கு இறங்கியிருக்கிறானோ அந்த மாடிக்குப் போய், ஜன்னலுக்கு விட்ட ஓட்டையில் நிற்பாள். சவுக்குக் கழியின் நுனியில் தூக்குச்சட்டியை மாட்டி நீட்டுவாள்.

"உப்பு சரியா இருக்குதா?"

"இருக்குது. நீ சாப்ட்டியா?"

"நீ மொதல்ல சாப்புடு."

அந்தக் கழியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுவானே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் முட்டாள்கள் இல்லை. இழுத்துப் பார்த்தோம். கழிதான் வந்தது. அவன் கையைப் பிடித்தால் கை மட்டும் கொஞ்சம் நீள்கிறது. விழுகிறவனை இடுப்பில் பிடித்தால்தான் நிறுத்த முடியும் என்றார் மேஸ்திரி. இடுப்பில் பிடிக்க பெல்ட் வேண்டும்.

அவனுக்கு நேர் கீழே பில்லர் கம்பிகள் நிற்கின்றன. நட்டபோது என் இடுப்பளவு இருந்தன. இப்போது என் தலைக்கு மேல் போய்விட்டன. அவனைப் பார்த்தே வளர்கின்றன. மேஸ்திரி அறுத்துப் போட்டார். மறுநாள் காலையில் அறுத்ததும் சேர்த்து வளர்ந்திருந்தன. கம்பி நல்ல கம்பெனிக் கம்பி என்று மேஸ்திரிக்குச் சந்தோஷம்.

காசியம்மா என் எதிரில் வந்து நின்றாள். தலையில் சும்மாடு, கையெல்லாம் சிமென்ட்.

"சார், கம்பி மேல ஒரு வலை கட்டுங்க. இல்ல, அந்த பெல்ட்ட கழட்டிக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு. பொங்கலுக்குள்ள."

"பாக்குறேம்மா."

"பாத்துக்கிட்டேதான் சார் இருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. நானும் பெண்டாட்டி பிள்ளை உள்ளவன்தான். உடனே ஸ்டோர் ரூமுக்குக் கிளம்பினேன்.

ஸ்டோர் ரூமில் இன்னும் ஆயுத பூஜை முடியவில்லை. கதவைத் திறந்ததுமே சாம்பிராணி மூக்கில் ஏறியது. ஸ்டோர் கீப்பர் தணிகாசலம் புது வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு மணியடித்துக்கொண்டிருந்தார். சாமி படத்துக்கு முன்னால் ஹெல்மெட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். பக்கத்தில் மடித்து வைத்த வலை. அதன் மேல் கதம்ப மாலை.

"தணிகாசலம், அந்த வலையை எடுங்க."

"பூஜையில வெச்சத இன்னிக்கித் தொடக் கூடாது சார். நாளைக்கி வாங்க."

"வெளியில பொங்கல் வரப்போவுதுய்யா!"

"வெளியில வரும். இங்க இன்னும் தீபாராதனையே ஆவல."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சரி, உள்ளேயே இருந்தால் மறுநாள் வந்துவிடும், வலையை எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு சிமென்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். பொரிகடலை கொடுத்தார். தின்றேன். தூங்கினேன். எழுந்தேன். அதே கற்பூரத்தைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார். மறுபடி பொரிகடலை கொடுத்தார். வெளியே வந்து பார்த்தால் ஏகாம்பரம் நான்காவது மாடிக்கு வந்திருந்தான்.

"என்னா சார், ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்றான் மேலிருந்து.

"ஸ்டோர்ல இருந்தேன்ப்பா. பொரிகடலை வேணுமா?"

"வேணாம் சார். இன்னும் வெயிட் ஏறிச்சின்னா வேகமாப் போயிருவேன்."

அவன் கையில் பெயின்ட் பிரஷ் இருந்தது. நான் உள்ளே இருந்த நாட்களில் முதலாளி கொடுத்துவிட்டிருக்கிறார். சுவருக்கு வெளியேதானே இருக்கிறான், இறங்கும்போதே ஒரு கோட் அடித்துக்கொண்டு வரட்டும் என்று. சாரம் கட்டுகிற வேலை மிச்சம். இன்னும் நாலு பேர் இதே மாதிரி விழுந்தால் கிழக்குப் பக்கமும் முடிந்துவிடும் என்று மேஸ்திரியிடம் சொன்னாராம். மேஸ்திரி யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக முதலாளி ரூமுக்கு நடந்தேன்.

முதலாளி ரூம் வாசலிலிருந்து அவர் மேஜை வரைக்கும் நல்ல தூரம். நான் கோபமாகப் போனால் இன்னும் கூடும். அன்று நடந்து நடந்து கோபம் பாதியாகக் குறைந்த பிறகுதான் மேஜை வந்தது. அவர் வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரிக் கட்டடத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னச் சின்ன மரங்கள், சின்னச் சின்ன கார்கள். நான்காவது மாடிப் பக்கத்தில் கடுகளவு ஏகாம்பரம் ஒருவன் அந்தரத்தில் நின்றான். கையில் பிரஷ்கூட இருந்தது.

"பொம்மை எப்படி இருக்கு?" என்றார் நவநீதன்.

"நல்லா இருக்கு சார்."

"பெல்ட்டு?"

"போட்டிருக்கு சார். சார், ஏகாம்பரம்..."

"விழுந்துட்டானா?"

"விழுந்துகிட்டு இருக்கான் சார்."

"அப்ப விழல. வாசல் போர்டைப் பார்த்தியா?"

பார்த்திருக்கிறேன். நானே எழுதியது. இந்த சைட்டில் விபத்து நடக்காத நாட்கள் என்று எழுதி, பக்கத்தில் எண் போட்டிருக்கும். ஏகாம்பரம் விழுகிற ஒவ்வொரு நாளும் அந்த எண் ஒன்று கூடிக்கொண்டுதான் வந்தது.

"பெல்ட்டைக் கொஞ்ச நேரம் கழட்டித் தாங்க சார். கயிறு கட்டி வீசினா அவன் இடுப்புல மாட்டிக்குவான். இழுத்துடலாம்."

"நானா கட்டியிருக்கேன்? பொம்மைதானே கட்டியிருக்கு. அதைப் போய்க் கேளு."

அவர் பஞ்சை நனைக்கத் திரும்பினார். நான் சட்டென்று என் கைக்குட்டையை நாலாக மடித்து, மாதிரிக் கட்டடத்தில் அந்தக் கடுகளவு ஏகாம்பரத்துக்குக் கீழே வைத்தேன். வைத்ததும் மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நவநீதன் திரும்பினார். கைக்குட்டையை எடுத்து உதறி என்னிடம் நீட்டினார்.

"உன் கர்ச்சீப் விழுந்திருச்சு பாரு. கவனமா இரு."

அடுத்த வாரம் கவர்மென்ட் ஆபீஸிலிருந்து பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வந்தார். கடவுளே வந்த மாதிரி இருந்தது எனக்கு. நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆய்வு செய்தார். கழுத்து மட்டும் நீண்டு மேலே போனது. மூன்றாவது மாடியில் ஏகாம்பரத்தைத் தாண்டும்போது இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். தலை பத்தாவது மாடி வரைக்கும் போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, மெதுவாகத் திரும்பி வந்தது. முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"ஹெல்மெட், பெல்ட்டு, முழுக்கைச் சட்டை. இப்படி ஒரு தொழிலாளியை நான் எங்கயும் பார்த்ததில்லை. யார் அவரு?"

"பொம்மை சார்."

"இனிஷியல்?"

"இல்ல சார்."

"ஒழுக்கமான மனுஷன். நான் போனேன், வந்தேன், ஒரு வார்த்தை பேசல. சிறந்த தொழிலாளின்னு எழுதிடறேன்."

"சார், மூணாவது மாடியில ஒருத்தரைப் பார்த்திருப்பீங்களே."

"ஆமா. பெயின்டர்."

"கொத்தனார் சார். விழுந்துகிட்டு இருக்காரு. நேர் கீழ கம்பி சார்."

"தரையில இருக்காரா?"

"இல்ல."

"கட்டடத்துல இருக்காரா?"

"இல்ல."

"அப்ப என் எல்லையில இல்ல. வந்து சேர்ந்ததும் தகவல் குடுங்க." இளநீரைக் குடித்துவிட்டு, உள்ளே இருந்த வழுக்கையையும் கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

காசியம்மா எல்லாவற்றையும் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போகிப் பண்டிகையன்று அவன் முதல் மாடிக்கும் கீழே வந்துவிட்டான். கம்பிகளின் நுனிக்கும் அவன் பாதத்துக்கும் இடையில் ஒரு செங்கல் வைக்கிற அளவுதான் இடம். பிரஷைக் காசியம்மாவிடம் கொடுத்துவிட்டான். அவள் மண்வெட்டியால் அந்தக் கம்பிகளை அடித்துக்கொண்டிருந்தாள். அடிக்க அடிக்க அவை சிலிர்த்துக்கொண்டு நின்றன.

"காசி, விடு. கை வலிக்கப் போவுது" என்றான்.

"நீ பேசாத இரு!" என்று கத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சார்!"

அந்த ஒரு சத்தத்தில் பத்தாவது மாடிக்குப் படியில் ஓடினேன். படிக்கட்டு அன்றைக்கென்று எத்தனையோ மாடி கூடியிருந்தது. சில மாடிகளில் ஆட்கள் ஏற்கனவே குடிவந்து துணி காயப்போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் பழைய பாயைக் கொளுத்திக்கொண்டே என்னைச் சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். மூச்சு வாங்க முகப்புக்கு வந்து சேர்ந்தேன்.

பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. சிறந்த தொழிலாளி பதக்கத்தைச் சட்டையில் குத்தியிருந்தது.

"பெல்ட்டைக் கழட்டிக் குடு" என்றேன்.

"என் இடத்துல யாரு?" என்றது.

"யாரும் வேணாம். ஒரு நிமிஷம்தான்."

"ஒரு நிமிஷம் போதும் கண்ணு பட."

"அப்ப நான் நிக்கிறேன். நீ இதை எடுத்துட்டுப் போய் அவன் இடுப்புல மாட்டு. சீக்கிரம்!"

பொம்மை என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு கொக்கியை எடுத்தது. பெல்ட்டை அவிழ்த்தது. அவிழ்த்த கையோடு என் இடுப்பில் கட்டிக் கொக்கியை மாட்டியது.

"ஐயோ, எனக்கு இல்லைய்யா! கீழ! கீழ கொண்டு போ!"

"பெல்ட்டு ஆளுக்கு இல்ல சார். இடத்துக்கு."

ஹெல்மெட்டையும் எனக்குக் கவிழ்த்தது. கரித்துண்டால் எனக்கு மீசையும் உருட்டு விழியும் வரைந்தது. என் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டது. அது துணியாக வந்தது. பிறகு என்ன நினைத்ததோ, வெறும் பானைத் தலையோடு படியிறங்கிப் போனது. வழியெல்லாம் வைக்கோல் உதிர்ந்தது.

மேலிருந்து எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. பொம்மை காசியம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டியது. கம்பிகளின் மேல் ஏறி, நீட்டி நிமிர்ந்து மல்லாந்து படுத்துக்கொண்டது. கம்பிகள் அதன் முதுகு வழியாக ஏறி, வைக்கோலுக்குள் போய், எங்கே வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டன. பொத்தென்று ஏகாம்பரம் அதன் மேல் விழுந்து உருண்டான். பானை உடைந்தது. அவன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். உயிரோடுதான் அலறினான். காசியம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, முதுகில் இரண்டு அடி வைத்து, அப்புறம்தான் அழுதாள்.

எனக்கும் அழுகை வந்தது. வரைந்த கண்ணில் தண்ணீர் வரவில்லை. இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. யாராவது வந்து இறக்கிவிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

நவநீதன் ஓடிவந்தார். ஏகாம்பரத்தைத் தாண்டிக் குதித்து, பொம்மையின் பக்கத்தில் மண்டியிட்டார். "போச்சே, போச்சே" என்று மார்பில் அடித்துக்கொண்டார். ஆய்வாளரும் வந்தார். இந்த முறை அவராகவே எழுந்து நடந்து வந்தார். ஹெல்மெட் இல்லாமல், பெல்ட் இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் கீழே வந்தது பொம்மையின் சொந்த அஜாக்கிரதை என்று முடிவு செய்தார். இவ்வளவு ஒழுங்கான ஆள் கடைசியில் இப்படிச் செய்யலாமா என்று அவருக்கு வருத்தம். அன்று மதியம் எல்லோருக்கும் லீவு. மாலை போட்டு, சங்கு ஊதி எடுத்துக்கொண்டு போனார்கள். வாசல் போர்டில் எண்ணை அழித்துப் பூஜ்யம் போட்டார்கள்.

ஏகாம்பரம் விஷயத்தில் ஒன்றும் எழுத இடமில்லை. அவன் பொம்மையின் மேல்தான் விழுந்தான், தரையில் விழவில்லை.

"சூப்பர்வைசர் எங்கய்யா?" என்று கேட்டார் நவநீதன்.

"இங்கதான் எங்கயாச்சும் பாத்துக்கிட்டு இருப்பாரு சார்" என்றார் மேஸ்திரி.

யாரும் என்னை இறக்கவில்லை. நவநீதன் அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு பொம்மை இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பொங்கல் முடிந்து வேலை ஆரம்பித்தது. ஏகாம்பரம் கட்டுப் போட்ட காலோடு ஷெட்டில் படுத்திருக்கிறான். ஒன்பதாவது மாடியில் அவன் விட்ட இடம் அப்படியே இருந்தது. ஆள் கிடைக்கவில்லை. பொம்பளைங்களைப் பூச்சு வேலைக்கு ஏற்றுகிற வழக்கம் எங்கள் சைட்டில் இல்லை. ஆனால் காசியம்மா அவனுடைய கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது மேஸ்திரி சாரத்தைக் காட்டினார்.

"பெல்ட்டு வேணும் மேஸ்திரி" என்றாள்.

"அது பொம்மைக்கு வேணும்மா" என்றார் மேஸ்திரி.

இப்போது எனக்கு ஒரு மாடி கீழே சாரத்தில் நிற்கிறாள். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகியிருக்கிறாள். காலையில் வந்ததும் ஒருமுறை அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"இந்தப் பொம்மைக்கு நம்ம சூப்பர்வைசர் சார் ஜாடை" என்று கலவை தூக்கி வந்தவளிடம் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

அவள் கை வேகமான கை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் கண்ணுக்கு இமை இல்லை, மூட முடியாது. பெல்ட் இடுப்பில் இறுக்கமாக இருக்கிறது. அவிழ்க்கலாம் என்றால் என் கை வைக்கோல். கத்தலாம் என்றால் என் நாக்கு துணி. காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அவளை ஒருவரும் பார்க்கவில்லை.

காசியம்மா கடைசி இழுப்பை இழுத்துவிட்டாள். சுவர் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. கரண்டியைத் துடைத்தாள். மட்டமாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தலையைச் சாய்த்தாள்.

ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.